கமிஷன் ஓவியங்களை இணையத்தில் எங்கே விற்பது? நான்கு வழிகளும் அவற்றின் உண்மையான செலவும்

சில ஆண்டுகள் வரைந்து பழகி, நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வரைந்து கொடுத்துப் பாராட்டும் பெற்ற ஒருவர், இனிப் பணம் வாங்கிக்கொண்டு வரையலாம் என்று முடிவெடுக்கும்போது விலையைவிடவும் அவரைத் தடுமாற வைப்பது கடையை எங்கே விரிப்பது என்ற கேள்விதான். இன்ஸ்டாகிராம் போதுமா, ஃபைவர் என்ற சேவைச் சந்தையில் கணக்குத் தொடங்கலாமா, வெளிநாட்டு ஓவியர்கள் எல்லாரும் சொல்லும் கோ-ஃபை தளம் நமக்குச் சரிவருமா, கைவினைச் சந்தையான எட்ஸியில் கடை போட்டால் அமெரிக்க வாடிக்கையாளர்கள் கிடைப்பார்களா என்று வாசகர்கள் தொடர்ந்து எழுதிக் கேட்கிறார்கள். பென்சில் உருவப்படங்களும் டிஜிட்டல் தம்பதியர் ஓவியங்களும் வரைந்து விற்றுவரும் நான், இவற்றில் சிலவற்றை நேரடியாகப் பயன்படுத்தியும் சிலவற்றைச் சக ஓவியர்களின் கணக்குப் புத்தகங்கள் வழியாக அறிந்தும் எழுதும் ஒப்பீடு இது. தமிழ்நாட்டில் வசித்துக்கொண்டு, தனி ஆளாக வரைபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். பொதுவழக்கில் கமிஷன் என்றால் தரகர் எடுத்துக்கொள்ளும் பங்கு. ஓவியர்களிடையே அதே சொல் வாடிக்கையாளர் கேட்டபடி வரைந்து தரும் ஓவியத்தைக் குறிக்கிறது. இரண்டும் இங்கே அடிக்கடி வரும் என்பதால், தளம் பிடித்துக்கொள்ளும் பங்கைத் தரகு என்றும், வரையும் படைப்பைக் கமிஷன் ஓவியம் என்றும் எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் தரகு எத்தனை சதவீதம் என்ற ஒரே கேள்வியோடு தளங்களை ஒப்பிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது மூன்றாவது இடத்தில் வைக்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, வாடிக்கையாளரை யார் அழைத்து வருகிறார் என்பது. தளம் அழைத்து வருகிறது என்றால் அதற்குக் கூலி கொடுப்பது நியாயம். நீங்களே அழைத்து வருகிறீர்கள் என்றால் அதே கூலியைக் கொடுப்பது வீண். தரகே இல்லாத தளம் ஆளே நடமாடாத தெருவில் இருக்கும் கடையாகவும் இருக்கலாம் என்பதைப் பலர் ஆறு மாதம் காத்திருந்த பிறகே உணர்கிறார்கள்.

இரண்டாவது, பேச்சில் போகும் நேரம். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏ4 பென்சில் உருவப்படத்தை 2,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு 8 மணி நேரம் வரைகிறீர்கள் என்றால் மணிக்கு 312 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் விலை விசாரிப்பு, தெளிவற்ற புகைப்படத்துக்கு மாற்றுக் கேட்பது, முன்பணம் நினைவூட்டுவது, "மூக்கு மட்டும் கொஞ்சம்" என்று தொடங்கும் திருத்தங்கள் ஆகியவற்றுக்கு மேலும் 4 மணி நேரம் போயிருந்தால் அது மணிக்கு 208 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. தரகே எடுக்காத வழியில் விற்றும் உங்கள் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே ஓவியத்தை 20 சதவீதம் பிடிக்கும் தளத்தில் விற்று 2,000 ரூபாய் பெற்று, ஆர்டர் படிவம் தெளிவாக இருந்ததால் பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்திருந்தால் மணிக்கு 222 ரூபாய் கிடைத்திருக்கும். பேச்சை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆகவே உங்கள் நேரத்தைக் குறித்து வைக்காமல் தளங்களை ஒப்பிடவே முடியாது.

மூன்றாவது, எல்லாக் கழிவுகளும் போக வங்கிக் கணக்கில் உண்மையில் வந்து சேரும் தொகை. நான்காவது, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் யார் என்பது. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், இறுதிக் கோப்பைப் பெற்று, நன்றியும் எழுதி, நான்கு மாதம் கழித்து "எதிர்பார்த்தபடி இல்லை" என்று பணத்தைத் திரும்பக் கேட்டு முறையிட்டார். ஸ்கெட்ச் நிலையிலும் வண்ண நிலையிலும் அவர் எழுத்தில் ஒப்புதல் தந்திருந்த செய்திகளை நான் சேமித்து வைக்கவில்லை, பணம் போய்விட்டது. தொகை பெரிதன்று, ஆனால் அந்த ஓவியத்துக்குச் செலவழித்த வாரத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஐந்தாவது கேள்வி ஓவியத்தின் உரிமை யாருக்கு என்பது. அதற்கு எந்தத் தளத்திலும் ஒரே பதில்தான் என்பதால் கடைசியில் தனியாக எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், யுபிஐ

தமிழ்நாட்டு ஓவியர்களில் மிகப் பலர் தொடங்கும் இடம் இது. அதற்குத் தக்க காரணங்களும் இருக்கின்றன. தரகு இல்லை. திருமண நாள் பரிசு, பணி ஓய்வுப் பரிசு, மறைந்த தாத்தாவின் மங்கிப்போன புகைப்படத்திலிருந்து ஓர் உருவப்படம் என்று நம் ஊரில் ஓவியம் கேட்பவர்கள் வேறு எந்தத் தளத்திலும் போய்த் தேடுவதில்லை. அவர்கள் ரீல்ஸில் ஒரு முகம் காகிதத்தில் உருவாகி வருவதைப் பார்த்துவிட்டு டிஎம் அனுப்புகிறார்கள், அல்லது உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். 4,000 ரூபாய் சொன்னால் யுபிஐ வழியாக 4,000 ரூபாயும் அப்படியே வந்து சேர்கிறது.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. வாடிக்கையாளரை அழைத்து வரும் வேலை முழுவதும் உங்களுடையது. வாரத்துக்கு மூன்று ரீல்ஸ் எடுத்து வெட்டி ஒட்டிப் போடுவதும் வேலை நேரம்தான். ஆர்டர் படிவம், வரிசை எண், திருத்த வரம்பு எதுவும் இங்கே தாமாக இல்லை. நடுவர் என்று எவரும் இல்லை என்பதால், முன்பணம் வாங்காமல் வரையத் தொடங்கினால் இழப்பு உங்களுடையது. முழுப்பணமும் முன்னதாகக் கேட்டால், உங்களை அறியாத வாடிக்கையாளர் தயங்குகிறார். பாதித் தொகை முன்பணம், ஸ்கெட்ச் ஒப்புதலுக்குப் பின் மீதி, மீதி வந்த பிறகே தண்ணீர்க்குறி (வாட்டர்மார்க்) இல்லாத கோப்பு என்ற முறை இந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. விலைப்பட்டியல், நாள் கணக்கு, இரண்டு திருத்தங்கள்வரை இலவசம் என்பன போன்ற விதிகளை ஒரே படமாக வடிவமைத்து வாட்ஸ்அப் பிசினஸில் தயார்ப் பதிலாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 4 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது.

மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டுகள் இங்கே சாதாரணம். படத்தைப் பார்க்காதீர்கள், வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை ஒருபோதும் இட வேண்டியதில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எண்ணை இட்டால் பணம் வரும் என்று சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து வந்து, விலையைப் பற்றியே பேசாமல் பெரிய தொகையை ஒப்புக்கொண்டு, "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவரும் அதே வகைதான்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் வரத் தொடங்கும் இடத்தில் இந்த வழியின் எல்லை தெரிந்துவிடுகிறது. அவரிடம் பெரும்பாலும் யுபிஐ இருக்காது. வேறு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

கோ-ஃபை

கோ-ஃபை உங்களுக்கு ஒரு பக்கத்தையும், கமிஷன் ஓவியங்களுக்கான விலைப்பலகையையும், ஆர்டர் படிவத்தையும், ஒரே நேரத்தில் எத்தனை ஆர்டர் ஏற்பீர்கள் என்ற வரம்பையும் தருகிறது. இலவசக் கணக்கில் கமிஷன் விற்பனைக்கு 5 சதவீதம் தரகு. மாதச் சந்தா கட்டும் கோல்டு கணக்கில் தரகு இல்லை. பணம் கோ-ஃபையிடம் தங்குவதில்லை. வாடிக்கையாளர் செலுத்தியவுடன், இணையப் பணப்பரிமாற்றச் சேவைகளான பேபால் அல்லது ஸ்ட்ரைப்பில் உள்ள உங்கள் கணக்குக்குச் செல்கிறது. ஸ்ட்ரைப் 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அழைப்பின் பேரில் மட்டுமே புதிய கணக்குகளை ஏற்பதால், நமக்கு நடைமுறையில் பேபால்தான் வழி.

இந்திய ஓவியர்கள் பலர் கவனிக்காமல் விடும் செய்தி இங்கேதான் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. இந்தியாவில் இருக்கும் உங்கள் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து மட்டுமே பணம் வர முடியும். மதுரையில் இருக்கும் வாடிக்கையாளர் உங்கள் கோ-ஃபை பக்கத்தில் பேபால் வழியாகச் செலுத்த இயலாது. ஆகவே கோ-ஃபை நமக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான கடை மட்டுமே. நண்பர்கள், குடும்பத்தினர் என்ற பெயரில் கட்டணமில்லாமல் அனுப்பும் வசதியும் இந்தியக் கணக்குகளுக்கு இல்லை. பொருளுக்கும் சேவைக்குமான பணமாகவே வர வேண்டும். கணக்குத் தொடங்கும்போது பான் எண்ணையும், எந்தச் சேவைக்காகப் பணம் வருகிறது என்பதைக் குறிக்கும் பர்பஸ் கோடையும் தர வேண்டும். வந்த பணம் தானாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிடும்.

பேபாலின் கழிவு வெளிநாட்டுப் பணத்துக்கு 4.4 சதவீதமும் அதனுடன் ஒரு சிறு நிலைக் கட்டணமும், டாலரில் 30 சென்ட். இதற்கு மேல் டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை மதிப்பைவிடச் சில சதவீதம் குறைவான விகிதத்தில் மாற்றுகிறது. ரசீதில் தனி வரியாகத் தெரியாத இந்த இழப்பைக் கூட்டினால் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரை அழைத்து வரும் வேலையில் கோ-ஃபை மிகச் சிறிதளவே உதவும். ஏற்கெனவே வெளிநாட்டு ரசிகர்கள் உள்ளவருக்கு, அதாவது அனிமே பாத்திரங்கள், விளையாட்டுப் பாத்திரங்கள், கதைப் பாத்திர வடிவமைப்பு ஆகியவற்றை வரைந்து ட்விட்டரிலோ டிஸ்கார்டிலோ பின்தொடர்வோரைச் சேர்த்துவிட்டவருக்கு, இதைவிட மலிவான, மரியாதையான கடை எனக்குத் தெரிந்து இல்லை. ரசிகர்கள் இல்லாதவர் திறந்தால் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். தகராறு வந்தால் பேபாலே நடுவர். வாங்கியவர் பணம் செலுத்திய 180 நாள்வரை முறையிடலாம். ஒப்புதல் செய்திகளை அந்த 180 நாளும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஃபைவர்

2010இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட ஃபைவர் ஓவியர்களுக்காக மட்டும் உருவானதன்று. லோகோவும் குரல்பதிவும் மொழிபெயர்ப்பும் விற்கும் பெருஞ்சந்தை. இங்கே நீங்கள் ஒரு கிக், அதாவது உங்கள் சேவைக்கான விற்பனைப் பக்கம், அமைத்து, மூன்று படிநிலைகளில் விலை வைக்கிறீர்கள். வாடிக்கையாளர் தேடி வருகிறார், முன்னதாகவே முழுப்பணத்தையும் தளத்திடம் செலுத்துகிறார், நீங்கள் வரைந்து அனுப்புகிறீர்கள்; மூன்று நாளுக்குள் அவர் திருத்தம் கேட்காவிட்டால் ஆர்டர் தானாக முடிந்துவிடுகிறது. பணம் வராமல் போகுமோ என்ற அச்சம் இல்லை. பேச்சு குறைவு. முகம் தெரியாத ஒருவர் உங்களை நம்புவதற்குத் தேவையான ஏற்பாடு முழுவதையும் தளமே செய்துவிடுகிறது.

இதற்கான விலை 20 சதவீதம். மனம் மகிழ்ந்து வாடிக்கையாளர் தரும் டிப்ஸிலும் அதே 20 சதவீதம் பிடிக்கப்படும். வாங்குபவரிடமும் தனியாகச் சேவைக் கட்டணம் வசூலிக்கப்படுவதால், நீங்கள் 50 டாலர் என்று வைத்த ஓவியம் அவருக்கு 50 டாலருக்குக் கிடைப்பதில்லை. ஆர்டர் முடிந்த பிறகும் பொதுவாக 14 நாள் கழித்தே பணத்தை எடுக்க முடியும். மேல்நிலை விற்பனையாளர்களுக்கு அது 7 நாள். மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டியவர் இந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆனால் 20 சதவீதத்தைவிடப் பெரிய செலவு வேறொன்று. ஃபைவரில் கிடைத்த வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே அழைத்துச் செல்வதும், வெளியே பணம் பெறுவதும் விதிமீறல், கணக்கே மூடப்படலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஓவியம் கேட்பவருக்காகவும் ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். முதல் முறை அது ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கான கூலி; பத்தாம் முறை எதற்கான கூலி என்று யோசிக்க வேண்டும். நூறு ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் சேர்த்திருந்தாலும் அவற்றை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாது. புதிதாகச் சேர்பவர் முதல் மதிப்புரைகளைப் பெறுவதற்காக விலையை மிகவும் தாழ்த்துவதும், அந்தத் தாழ்ந்த விலையே தன் மதிப்பு என்று நம்பத் தொடங்குவதும் எனக்கு உண்மையிலேயே வேதனை தருபவை. 5 டாலருக்கு உருவப்படம் வரையும் திறமையான இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்குக் கையில் கிடைப்பது 4 டாலர். முதல் ஐந்து ஆர்டருக்கு மட்டும் குறைந்த விலை, ஆறாவதிலிருந்து உயர்வு என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு நுழையுங்கள்.

இலங்கைத் தமிழ் ஓவியர்களுக்கு நிலைமை வேறு. அங்கே பேபால் கணக்கில் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இல்லாதிருந்ததால், யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிநாட்டுக்கு வரைபவருக்கு, பேயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் தரும் ஃபைவர் பல நேரங்களில் கைக்கெட்டும் வழியாக இருந்து வந்திருக்கிறது. அந்த நிலையில் 20 சதவீதத்தை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே மாறிவிடுகிறது.

எட்ஸி

கையால் செய்த பொருள்களுக்கான சந்தை என்று பெயர் பெற்ற எட்ஸியில், வாங்குபவர் பரிசு தேடி வருகிறார். செல்லப்பிராணியின் உருவப்படம், வீட்டின் ஓவியம், தம்பதியரின் கோட்டோவியம் ஆகியவை அங்கே நன்றாகப் போகின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் தேவை கூடுகிறது. பாத்திர வடிவமைப்பு, புத்தக அட்டை போன்றவற்றைத் தேடி அங்கே வருபவர் குறைவு.

செலவுகள் பல சிறு துண்டுகளாக வருவதால் கூட்டிப் பார்க்கும்வரை தெரிவதில்லை. ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட். அது நான்கு மாதம் நிற்கும், விற்றால் மீண்டும் பட்டியலிட மீண்டும் 20 சென்ட். விற்பனைத் தரகு 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. அது ஓவியத்தின் விலைக்கு மட்டுமன்றி வாடிக்கையாளரிடம் நீங்கள் வசூலிக்கும் தபால் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். பணம் செலுத்தும் வசதிக்கு நாட்டுக்கு நாடு மாறும் கட்டணம் தனி. இவற்றோடு வெளித்தள விளம்பரம் என்ற ஒன்று இருக்கிறது: எட்ஸி பிற தளங்களில் செய்த விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர் வாங்கினால் அந்த விற்பனையில் மேலும் 15 சதவீதம். ஓராண்டில் 10,000 டாலருக்குக் கீழ் விற்கும் கடைகள் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆனால் விலகுவதற்கான பொத்தானை நீங்களே தேடி அழுத்த வேண்டும். புதிய கடைகளின் பணத்தில் ஒரு பகுதியைச் சில காலம் நிறுத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. சிறந்த கடைகளுக்கு எட்ஸி தரும் ஸ்டார் செல்லர் தகுதிக்கு வாடிக்கையாளரின் முதல் செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது அங்குள்ள பகல் நமக்கு இரவாக இருக்கும்போது ஒரு சுமைதான்.

காகிதத்திலும் கேன்வாஸிலும் வரைந்த அசலை அனுப்புபவருக்கு எட்ஸி பொருத்தமான இடம் என்றாலும், தபால் என்னும் இன்னொரு உலகத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. வணிக ஏற்றுமதிக்கு ஐஇசி எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். அஞ்சல் துறை 2022இலிருந்து திறந்துவரும் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் சுங்கப் படிவங்களை எளிதாக்கியிருக்கின்றன. ஆனால் 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலர்வரையிலான பொட்டலங்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த சுங்க விலக்கு நீங்கியபோது, நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான பொட்டலங்களைச் சில வாரங்கள் ஏற்காமல் நிறுத்தி வைத்தது. சுருட்டி பிவிசி குழாயில் போட்டு அனுப்பத் தயாராக இருந்த ஓவியங்கள் மேசையிலேயே கிடக்க, வாடிக்கையாளருக்குத் தந்த நாள் கடந்துபோவதைப் பார்த்தவர்கள் உண்டு. டிஜிட்டல் கோப்பாக மட்டும் விற்பவரை இவை எவையும் தொடுவதில்லை.

வேறு சில

வீஜென் என்ற தளம் கமிஷன் ஓவியங்களுக்கென்றே கட்டப்பட்டது. செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய படங்களை ஏற்பதில்லை. ஓவியராகச் சேர, ஏற்கெனவே உள்ள ஓவியர் ஒருவரின் அழைப்புக் குறியீடு வேண்டும் என்பதால் முதல் தளமாக இதை நம்பியிருக்க முடியாது. ஜப்பானில் 2018இல் தொடங்கிய ஸ்கெப் தளத்தில் வாடிக்கையாளர் ஒரே முறை தன் விருப்பத்தை எழுதி அனுப்புவார். பின் பேச்சுவார்த்தையும் இல்லை, திருத்தமும் இல்லை. அங்கே சேராவிட்டாலும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். சொந்த இணையதளம் வைத்து ரேசர்பே போன்ற சேவையால் பணம் பெற்றால் உள்நாட்டுப் பணத்துக்கு 2 சதவீதமும் அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும். தளமே இல்லாமல், கட்டண இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இதைப் பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்கு வரையும்போது ரசீதோடு வரும் இந்த முறை மதிப்பாகத் தெரிகிறது.

ஒரே ஓவியம், கையில் சேரும் தொகை

| வழி | வாடிக்கையாளர் தரும் விலை | கழிவு | மீதி |
|---|---|---|---|
| யுபிஐ | 4,000 ரூபாய் | இல்லை | 4,000 ரூபாய் |
| ரேசர்பே இணைப்பு | 4,000 ரூபாய் | 80 + 14.40 | 3,905.60 ரூபாய் |
| கோ-ஃபை இலவசக் கணக்கு, பேபால் | 50 டாலர் | 2.50 + 2.50 | 45 டாலர் |
| ஃபைவர் | 50 டாலர் | 10 | 40 டாலர் |
| எட்ஸி, விளம்பரமின்றி | 50 டாலர் | 0.20 + 3.25 | 46.55 டாலர் |
| எட்ஸி, வெளித்தள விளம்பரத்தோடு | 50 டாலர் | 0.20 + 3.25 + 7.50 | 39.05 டாலர் |

டாலர் கணக்குகளில் ரூபாயாக மாற்றும்போது ஏற்படும் இழப்பும், எட்ஸி வரிசைகளில் பணம் செலுத்தும் வசதிக்கான கட்டணமும் சேர்க்கப்படவில்லை. கட்டணங்களைத் தளங்கள் அவ்வப்போது மாற்றுவதால், சேரும் நாளன்று அவரவர் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் கவனிக்க வேண்டியது எட்ஸியின் இரண்டு வரிசைகளுக்கும் இடையிலுள்ள தூரம்: ஒரே கடையில், ஒரே ஓவியத்துக்கு, வாடிக்கையாளர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பதை வைத்து 7.50 டாலர் மாறுகிறது. கோ-ஃபையில் கிடைக்கும் 45 டாலரை ஃபைவரிலும் பெற வேண்டுமானால் அங்கே விலையை 56.25 டாலர் என்று வைக்க வேண்டும். ஒரே விலைப்பட்டியலை எல்லாத் தளங்களிலும் ஒட்டுவது இதனால்தான் தவறாகிறது.

உரிமை யாருக்கு

இதைப் பெரும்பாலான ஓவியர்கள் நேர்மாறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வரைந்தவருக்கே பதிப்புரிமை என்பது பொதுவிதி. ஆனால் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறுவிதமான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. கமிஷன் ஓவியம் என்பதே இந்த விதிவிலக்குக்குள் வருவதுதான். நீங்கள் எதுவும் எழுதி வாங்காமல் ஒரு பாத்திரத்தை 3,000 ரூபாய்க்கு வரைந்து கொடுத்து, வாடிக்கையாளர் அதைச் சட்டையில் அச்சிட்டு விற்கத் தொடங்கினால், தடுப்பதற்கு உங்களிடம் பெரிதாக எதுவும் இருக்காது. 57ஆம் பிரிவு தரும் தனி உரிமைகள், அதாவது வரைந்தவர் நான் என்று உரிமை கோருவதும், என் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும், உரிமை கைமாறிய பிறகும் உங்களிடமே இருக்கும்.

ஃபைவரின் விதிகளும் இதே திசையில்தான் நிற்கின்றன: உங்கள் கிக் பக்கத்தில் வேறாகக் குறிப்பிடாவிட்டால், பணம் செலுத்தி ஓவியம் கைமாறியதும் உரிமை வாங்கியவருக்குச் செல்கிறது. எனவே எந்தத் தளத்தில் விற்றாலும் விலைப்பட்டியலோடு மூன்று வரிகள் இருக்க வேண்டும்: பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாடிக்கையாளர் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், வணிகப் பயன்பாட்டுக்குத் தனி விலை. முன்பணம் செலுத்தும் முன் வாடிக்கையாளர் அதற்கு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சம்மதம்" என்று ஒரு சொல் வந்தாலும், எதுவுமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

யாருக்கு எது

உள்ளூரில் உருவப்படங்களும் பரிசு ஓவியங்களும் வரைபவர் இன்ஸ்டாகிராமையும் யுபிஐயையும் விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. அவர் செலவழிக்க வேண்டியது ஒரு நாள், அந்த நாளில் எழுத வேண்டியது விதிகளும் ஆர்டர் படிவமும். வெளிநாட்டு ரசிகர்கள் சில நூறு பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள், அவர்களில் சிலர் விலை கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் கோ-ஃபை. கோல்டு சந்தாவை, மாதம் கொடுக்கும் 5 சதவீதத் தரகு சந்தாத் தொகையைத் தாண்டும் மாதத்தில் எடுத்தால் போதும்.

யாரும் அறியாதவர், ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதத் தெரிந்தவர், கையில் பணி மாதிரிகள் பத்துப் பன்னிரண்டு வைத்திருப்பவர் ஃபைவரில் தொடங்கலாம். அதைப் பயிற்சிக்கூடமாகக் கருதி, ஓராண்டு என்று நாள் குறித்துக்கொண்டு, அதே ஓராண்டில் தன் பெயரில் ஒரு பின்தொடர்வோர் வட்டத்தையும் தனியாக வளர்க்க வேண்டும். அங்குள்ள வாடிக்கையாளரை வெளியே இழுக்க முடியாது என்பதால் இந்த இரண்டாவது வேலை முதல் நாளே தொடங்கியாக வேண்டும். பென்சில், நீர்வண்ணம், தஞ்சாவூர் பாணி என்று அசல் ஓவியங்களை அனுப்பக்கூடியவரும், ஒரே வகையைப் பல பேருக்கு வரையச் சலிக்காதவருமே எட்ஸியில் நிலைக்கிறார்கள்.

வரியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஓவியம் வரைந்து டிஜிட்டல் கோப்பாகத் தருவது சேவை; ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை தமிழ்நாட்டில் அதற்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படுவதில்லை. சட்டமிட்ட அசல் ஓவியத்தை வெளிமாநிலத்துக்கு விற்பது பொருள் விற்பனை, அதற்கு விதிகள் வேறு. எட்ஸியில் முதல் ஓவியத்தைப் பட்டியலிடும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கோ-ஃபையோ ஃபைவரோ என்றால் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றுகளை மாதந்தோறும் தரவிறக்கி ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், மார்ச் மாதத்தில் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.